செல்ஃபிக்குள் ஒளிந்திருக்கும் காந்தம்: குட்டிக் காந்தங்களை ஒளியால் படம் பிடிப்பது எப்படி? முழு விவரம்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் கோட்டைக்கு டூர் போறீங்க. உச்சியில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து, கிளவுடில் பேக்கப் பண்றீங்க. அந்தப் படம் எங்கே போகும்? பெரும்பாலும் ஏதோ ஒரு டேட்டா சென்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு.

அங்கே அது படமாக இருக்காது. வெவ்வேறு திசையில் திரும்பி நிற்கும் கோடிக்கணக்கான குட்டிக் காந்தப் பகுதிகளாக இருக்கும். அவை சரியாகப் பதிந்திருக்கின்றனவா, கலைந்துவிட்டனவா என்று பார்க்க முடிந்தால்தான் நல்ல டிஸ்க் தயாரிக்க முடியும். பார்ப்பதில்தான் சிக்கலே!

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் பாதிக்கும் குறைவான நுணுக்கத்தை லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873-ல் எர்ன்ஸ்ட் அபே சொன்னார். அதாவது 200 நானோமீட்டரோடு கதை முடிந்தது. வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால் மருதாணிப் புள்ளி வைக்க முடியுமா? அதுபோலத்தான்.

ஒளிக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரே தளத்தில் அதிரும் ஒளி காந்தப் பொருளைக் கடந்தால், அதன் தளம் லேசாகத் திரும்பும். 1845-ல் ஃபாரடே கண்டுபிடித்தது இது. காந்தத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒளியிலும் இப்படி நடக்கும் என்று 1877-ல் ஜான் கெர் காட்டினார். காந்தத்தின் திசை மாறினால், ஒளி திரும்பும் பக்கமும் மாறும். அதை அளந்தால் காந்தத்தின் படம் ரெடி.

எல்லையை உடைத்தது எப்படி?

லென்ஸுக்குப் பதில் மிகச் சிறிய துளை வழியே ஒளியை அனுப்பலாம் என்று 1928-லேயே அயர்லாந்தின் எட்வர்ட் சிங் எழுதினார். துளைக்கு மிக அருகில் ஒளி இன்னும் விரிந்திருக்காது. பொருளை அங்கேயே வைத்தால், படத்தின் துல்லியத்தைத் தீர்மானிப்பது அலைநீளம் அல்ல, துளையின் அளவு. இதுதான் 'அண்மைப் புல' மைக்ரோஸ்கோப். 1984-ல் ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தில் டீட்டர் போல் குழுவினர் இதை ஒளியில் செய்து காட்டினர்.

1992-ல் பெல் ஆய்வகத்தின் எரிக் பெட்ஸிக் குழு, ஊசிபோல் இழுத்து அலுமினியம் பூசிய கண்ணாடி இழையைப் பயன்படுத்தியது. கோபால்ட்-பிளாட்டினம் படலத்தில் சுமார் 60 நானோமீட்டர் காந்தப் பகுதிகளை எழுதி, அவற்றைப் படமும் பிடித்தது. பெட்ஸிக் 2014-ல் வேதியியல் நோபல் பெற்றார். அது இன்னொரு வகை மைக்ரோஸ்கோப்புக்காக.

குறைகள் இல்லையா?

இருக்கு. துளை வழியே வரும் ஒளி ரொம்பக் கம்மி. புள்ளி புள்ளியாக நகர்த்தி எடுப்பதால் நேரம் பிடிக்கும். மேற்பரப்பை ஒட்டிய பகுதிதான் தெரியும். ஆனால் காந்த ஊசியால் தடவிப் பார்க்கும் முறையில், அந்த ஊசியே பதிவைக் கலைத்துவிடலாம். மென்மையான ஒளியில் அந்தப் பயம் குறைவு.

இப்போது என்ன பயன்?

இதே அண்மைப் புல ஒளி இன்று ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே வந்துவிட்டது. லேசரை நுண்ணிய புள்ளியாகக் குவித்து, டிஸ்க்கைச் சூடாக்கி எழுதும் தொழில்நுட்பத்தில், 30 டெராபைட் டிஸ்க்கை 2024-ல் சீகேட் அறிமுகம் செய்தது. பார்ப்பதற்காகப் பிறந்த யோசனை, இப்போது எழுதவும் கைகொடுக்கிறது.