நாடியும் காற்றும்: எண்கள் மக்கள் கைக்கு வந்த வரலாறு

கொவிட் காலத்தில் நம்மில் பலருடைய வீடுகளுக்கு ஒரு சிறு கருவி வந்து சேர்ந்தது. விரல் நுனியைக் கவ்விப் பிடிக்கும் பல்ஸ் ஒக்ஸிமீட்டர். நாடித் துடிப்பு ஒரு எண், இரத்தத்தின் ஒட்சிசன் இன்னொரு எண். அந்த இரண்டு எண்களும் சாதாரண மனிதர் கைக்கு வர எத்தனையோ நூற்றாண்டுகள் எடுத்தன.

1600களின் தொடக்கத்தில் இத்தாலிய வைத்தியர் சாந்தோரியோ, ஊசலின் ஆட்டத்தை நோயாளியின் நாடியோடு ஒத்துப் பார்த்து அதன் வேகத்தை அளந்தார். 1707இல் இங்கிலாந்தின் ஜோன் ஃப்ளோயர், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணும் முறையைப் புத்தகமாக எழுதினார்.

ஒக்ஸிமீட்டரின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1970களில் பொறியியலாளர் தகுவோ அஒயாகி, காது மடலில் ஒளியைச் செலுத்தி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட முயன்றார். ஒவ்வொரு துடிப்புக்கும் அளவீடு ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை நீக்கப் போனவர், தேவையான தகவலே அதற்குள்தான் இருக்கிறது என்று கண்டார். சிவப்பு ஒளியும் செந்நிறக்கீழ் ஒளியும் துடிப்போடு எவ்வளவு மாறுகின்றன என்பதை ஒப்பிட்டால் ஒட்சிசன் தெரியும். 1974இல் அதை வெளியிட்டார். உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

காற்றை அளந்த வரலாறோ மரணங்களால் எழுதப்பட்டது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி லண்டனை மூடியது. முதல் கணக்கில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை என்றன. 1956இல்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அடுத்த திருப்பம் பெய்ஜிங். அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் 2008இல் ஒரு அளவுகருவியை வைத்து, மணிக்கொரு தடவை டுவிட்டரில் அளவை வெளியிட்டது. வெறும் மூடுபனி என்ற பேச்சு அதன்பின் எடுபடவில்லை. 2012இல் பெய்ஜிங் நகரமே நுண்துகள் அளவை வெளியிடத் தொடங்கியது. ஒரேயொரு கருவி இணையத்தோடு இணைந்ததால் நடந்த மாற்றம் இது.

இன்று அதே வேலையைச் செய்யும் மலிவான உணரி உள்ளங்கையில் அடங்கும். சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை வைத்துத் துகள்களின் அளவு கணக்கிடப்படும்.

ஆனால் மலிவான கருவியின் குறையையும் நாம் தெரிந்திருக்க வேண்டும். ஈரப்பதன் கூடினால், நீர் ஏறிப் பெருத்த துகள்களை அது அளவுக்கு மீறிக் காட்டும். மழைக்கால நம் ஊர்களுக்கு இது முக்கியம். ஒக்ஸிமீட்டரும் அப்படியே. கறுப்பின நோயாளிகளின் ஒட்சிசனை அது உண்மையை விடக் கூட்டிக் காட்டுவது அதிகம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. எண் நன்றாயிருந்தாலும் மூச்சு முட்டினால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இந்த வரலாறு நமக்கு ஏன்? 2022 டிசம்பர் 9, லண்டன் புகை விலகி 70 ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று மோசமான காலநிலையும் வளி மாசும் காரணமாக நம் நாட்டு அரச பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்பின் அளவுகள் செய்தியில் வந்தன. நம் பிள்ளைகள் சுவாசித்த காற்றின் அளவு என்ன என்று கேட்டால், சொல்ல நம்மிடம் எண் இருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலின்படி, 24 மணித்தியாலச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் மனம் வைத்தால், வாசலில் ஒரு உணரியை மாட்டி, மாணவர்களே தினமும் குறித்து வைக்கலாம். குப்பை எரிக்கும் நாளில் எவ்வளவு, மழை பெய்த மறுநாள் எவ்வளவு என்று ஒரு வருடம் எழுதினால், முட்டு வருத்தமுள்ள பிள்ளையை எந்த நாளில் மைதானத்துக்கு விடலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு கணக்கு இருக்கும். இதைப் பற்றி அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேசுவோமா?