ஒரே சொல், வெவ்வேறு வேலை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு புழங்கிய நாள்களில், ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குள் சென்றால் ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. மாற்றிக் கணக்கிட வேண்டும் என்பதை நாணயத்தின் பெயரே உணர்த்திவிடும். பெயர் ஒன்றாகவும் மதிப்பு வேறாகவும் இருந்திருந்தால் என்ன ஆகும்? கணினித் துறையில் இன்று அதுதான் நிலை.

பலர் சேர்ந்து எழுதும் நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும் மென்பொருள்களைப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகள் என்கிறோம். 2000-இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன் ஒரே மையக் களஞ்சியத்தைக் கொண்டது. 2005 ஏப்ரலில், லினக்ஸ் கருநிரலுக்கு ஒரு கருவி தேவைப்பட்ட சூழலில், கிட், மெர்க்குரியல் இரண்டும் பிறந்தன. இவற்றில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்.

'கமிட்' என்றால் சப்வெர்ஷனில் மாற்றம் மையக் களஞ்சியத்தையே அடைந்துவிடும். கிட்டில் அது நம் கணினியோடு நிற்கும். பிறருக்குச் சேர 'புஷ்' தேவை. 'புல்' என்றால் மெர்க்குரியல் மாற்றங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு நிற்கும். கிட் அவற்றை நம் கிளையுடன் இணைத்தும்விடும். 'செக்அவுட்' கிட்டுக்குள்ளேயே இரு வேலைகளைச் செய்துவந்தது. 2019-இல்தான் அவற்றுக்கு 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' எனத் தனிக் கட்டளைகள் வந்தன.

ஆபத்தானது 'ரிவர்ட்'. கணக்கர் பேரேட்டில் தவறான பதிவை அழிப்பதில்லை. அதை நேர்செய்யும் வேறொரு பதிவை எழுதுவார். கிட்டின் 'ரிவர்ட்' அத்தகையது. பழைய மாற்றமும் இருக்கும், அதை நீக்கிய செய்தியும் இருக்கும். சப்வெர்ஷனில் அதே சொல், இன்னும் களஞ்சியத்தில் பதியாத திருத்தங்களைத் துடைத்துவிடும். களஞ்சியம் அறியாத அந்த உழைப்பை அது திருப்பித் தர இயலாது. கிட்டில் பழகிய இளைஞர் பழைய சப்வெர்ஷன் திட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தால், ஒரு நாள் உழைப்பை ஒரு சொல்லில் இழக்கலாம்.

இதில் தமிழுக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக நான் கருதுகிறேன். கலைச்சொல்லாக்கத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்று பட்டியல் இடுவதே நம் வழக்கம். 'ரிவர்ட்' என்பதற்கு எங்கும் 'மீளமை' என்று எழுதினால், ஆங்கிலத்தின் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்தவர்களாவோம். (பொருளியல் கற்பித்தவனுக்கு இறக்குமதியில் கூடுதல் ஐயம் உண்டு.) செயலைப் பார்த்துப் பெயரிடலாம். கிட்டின் 'ரிவர்ட்' 'திருத்தப் பதிவு' ஆகட்டும். சப்வெர்ஷனுடையது 'பதியாததை நீக்கு' எனலாம். கிட்டின் 'கமிட்' 'பதி'. சப்வெர்ஷனில் 'பதிந்து அனுப்பு'. ஆங்கிலக் கட்டளையைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் கையில் உள்ள விளக்கக் குறிப்பில், அந்தக் கட்டளைக்குப் பக்கத்தில் அதன் விளைவு தமிழில் இருந்தால், விசையை அழுத்தும் முன்பே அவருக்கு அது தெரிந்திருக்கும்.