கங்காணிக்குப் பின் வந்தவர்கள்

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே சைக்கிளும் இருந்தது. வெள்ளைக்கார நிர்வாகியான துரையோ எழுத்தரான கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ்க் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், உறவினர் தடையின்றி வந்துபோவது, கொடுமைக்கார மேற்பார்வையாளர்களை நீக்குவது, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் கேட்கப்பட்டன. தலைமை என்றால் என்ன என்று விளக்க இந்தப் பட்டியலைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை என்பேன். பேச்சு வன்மை, துணிவு, தொலைநோக்கு என்று தலைவரின் குணங்களை அடுக்குவது எளிது. ஆனால் ஒருவரை நம்பியவர்கள் அவரால் அதிகாரத்தின் எதிரில் நேராக நின்று பேசும் நிலைக்கு வந்தார்களா, அவர் வழியாக மட்டுமே அதைத் தொட முடிந்தவர்களாக இருந்துவிட்டார்களா என்பதைக் கொண்டே அவர் தலைமையை எடை போட வேண்டும்.

இரண்டாவது வகையின் மூல உருவம் கங்காணி. அவர் சொந்த ஊருக்குப் போய்த் தன் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டிக் கப்பலேற்றினார். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார். வேலைக்கு வந்த ஆள்களின் எண்ணிக்கைப்படி நிர்வாகத்திடம் காசு வாங்கினார். லயம் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் எழும் சண்டையைத் தீர்ப்பதும், கோயில் திருவிழாவை நடத்துவதும், துரையிடம் பேசுவதும் அவரே. மொழி தெரியாத நாட்டில் அவர் ஒரு காப்பாகவும் இருந்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய செல்வாக்கு முழுவதும் தொழிலாளியால் துரையை நேரே அணுக முடியாது என்ற ஒன்றிலிருந்து வந்தது. அந்த இடைவெளி குறைந்தால் அவருக்கு வேலை இல்லை. ஆகவே நல்ல கங்காணிக்கும்கூட அந்த இடைவெளியைக் குறைக்கும் அக்கறை இருக்க முடியாது.

பிரிட்டிஷ் ஆட்சி இந்த அமைப்பை மலாயாவுக்கு மட்டும் என்று வைத்திருக்கவில்லை. கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்களிடையே பெரும்பாலும் தனித் தலைவர் என்ற வழக்கமே கிடையாது, ஊர்க்கூட்டம்தான் முடிவெடுக்கும். அங்கே அரசாங்கம் ஆணைப்பத்திரம் கொடுத்துத் தலைவர்களை நியமித்தது. 1929இல் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சம் ஓலோகோ என்ற ஊரில் மூண்டபோது, செம்பனை ஓலைகளை ஊர்விட்டு ஊர் அனுப்பிப் பல்லாயிரம் பெண்கள் திரண்டார்கள். அவர்களின் சினம் வரியோடு நிற்கவில்லை. அந்த நியமனத் தலைவர்களை நீக்கச் சொன்னார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அந்த நியமன முறையை அரசாங்கம் கைவிட வேண்டியிருந்தது. கைது செய்து முடித்துவிட அந்தக் கிளர்ச்சிக்கு ஒற்றைத் தலைவர் இல்லை.

கிள்ளானில் ஒரு தலைவர் இருந்தார். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச்.நாதன், ஒய்.கே.மேனன் போன்றவர்களோடு சேர்ந்து கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைக் கட்டினார். அவர்கள் கங்காணியைத் தாண்டி நேரே லயங்களுக்குப் போனார்கள். 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானதும் போராட்டம் ஓய்ந்துவிடும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. நடந்தது வேறு: அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் கிள்ளானைக் கடந்து பரவியது. மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, இந்தியச் சிப்பாய்களைக் கொண்டே அடக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்; நாதன் நாடு கடத்தப்பட்டார். வெளியார் தூண்டிவிட்ட கலகம் என்பதே அதிகாரிகளின் விளக்கம். ஆனால் சைக்கிளை விட்டு இறங்கும் அவமானம் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக்கூடியதா? அதை அனுபவித்தவர்களின் வாயிலிருந்துதான் அது பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். நாதன் செய்தது, அவர்கள் அதைச் சொல்வதற்கு ஓர் இடம் உண்டாக்கியது.

தோற்றுப்போன போராட்டத்தைத் திறமையான தலைமைக்குச் சான்றாகக் காட்டலாமா என்று கேட்பது நியாயம்தான். துப்பாக்கிக்கு முன் தோற்றது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தோட்டத் தமிழர்கள் தொழிற்சங்கங்களில் திரண்ட வேகத்தைப் பார்த்தால், கிள்ளானில் தொடங்கியது அங்கேயே அழிந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. 1948இல் அந்தச் சங்கங்களை இணைத்திருந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் முடக்கப்பட்டது; அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வெற்றிடத்தில்தான் மிதவாதச் சங்கங்கள் வளர்ந்தன. 1954இல் அவை இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அதன் பொதுச்செயலாளர் பி.பி.நாராயணன் பல பத்தாண்டுகள் அதை வழிநடத்தினார். உலகத் தொழிற்சங்க அரங்கிலும் உயர்ந்த பொறுப்பு வகித்தார். தோட்ட முதலாளிகளோடு கூட்டு ஒப்பந்தம் என்ற நடைமுறையை நிலைநிறுத்தியது சிறிய சாதனை இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை தோட்டத்துக்கு வெளியே நடந்தது, சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. தொழிலாளி மறுபடியும் ஒருவர் வழியாகப் பேசப்படுபவராக ஆனார். விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்க அரசுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரெடரிக் கூப்பர், நாட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவிலுள்ள வாயிலைக் காப்பதே அவற்றின் வலிமையும் பலவீனமும் என்றார். சங்கமானாலும் வாயில் ஒன்றே என்றால் அதைப் பிடிக்கத்தான் போட்டி நடக்கும். உள்ளே இருப்பவர் வெளியேற அஞ்சுவார்.

பிரதிநிதி இல்லாமல் சட்டமும் சந்தையும் தெரியாத ஏழை என்ன செய்வார் என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு வீ.தி.சம்பந்தன் ஒரு விடை காட்டினார். ஆங்கிலேயர் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார். அன்றைய கூலியில் அது சில நாள் உழைப்பு. கட்டினார்கள், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அவர் கட்சித் தலைவர், அமைச்சர். அரசின் ஆதரவில்லாமல் இது நடந்திராது என்பது சரியே. ஆனாலும் பால் மரம் வெட்டியவர் பங்குதாரர் ஆனார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடுவே ஓடும் சாலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அந்த முறையைத்தான் போதுமான அளவு தொடரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படித் தொடராததற்குக் கொடுத்த விலையைக் கண்ணால் பார்க்கலாம். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மடிங்லி ஆகிய தோட்டங்கள் எடுக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கே உழைத்த குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றினார்கள். அந்த நிலத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை, அதன் எதிர்காலத்தை முடிவு செய்த மேசையில் இடமும் இல்லை. சங்கமும் இருந்தது, கட்சியும் இருந்தது, அமைச்சரும் இருந்தார். தரை வீடு கேட்டு அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தாமே திரண்டு குரல் கொடுக்க வேண்டியிருந்தது.