துருத்தியும் மூச்சும்

பவானிக் கூடுதுறையில் கழுத்தளவு நீரில் நின்று மூச்சிழுத்தவர்களுக்கு ஓர் உண்மை உடம்பிலேயே விளங்கியிருக்கும். கரையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக முயல வேண்டியிருக்கிறது. தண்ணீர் மார்பை அழுத்துகிறது. அதை எதிர்த்து மார்பு விரிய வேண்டும். காற்று புகுந்துதான் மார்பை விரிக்கிறது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நடப்பதோ நேர்மாறு. மார்பு முதலில் விரிகிறது; காற்று பின்னால் வருகிறது.

கொங்கு நாட்டுக் கொல்லர்கள் இதைக் கைப்பழக்கத்தில் என்றோ அறிந்திருந்தார்கள். பவானிக்குத் தெற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், கசடும், உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. குழாய் இருந்தால் துருத்தியும் இருந்திருக்கத்தானே வேண்டும்? தோல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. சுட்ட மண் நமக்காகக் காத்திருந்தது. துருத்தியை விரித்தால் உள்ளே இடம் பெருகும், அழுத்தம் குறையும், வெளிக்காற்று தானே நுழையும். அமுக்கினால் உலைக்குள் பாயும். கொல்லனுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை!

ஆனால் இதைக் கணக்காக எழுத 1662 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெப்பம் மாறாதிருந்தால், காற்றின் கொள்ளளவு பாதியாகும்போது அழுத்தம் இருமடங்காகும் என்றார் ராபர்ட் பாயில். 1674-இல் ஜான் மேயோ என்ற ஆங்கில மருத்துவர் ஒரு துருத்திக்குள் பையொன்றைப் பொருத்திக் காட்டினார். துருத்தி விரிந்ததும் பை காற்றால் நிறைந்தது. துருத்தி நம் மார்புக்கூடு, பை நுரையீரல். தானாக விரியும் வலிமை நுரையீரலுக்கு இல்லை, பாவம்! உதரவிதானம் கீழிறங்கி, விலா எலும்புகள் உயரும்போது அதுவும் இழுபட்டு விரிகிறது.

எவ்வளவு அழுத்தம் குறைகிறது தெரியுமா? வெளிக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அமைதியான மூச்சில் உள்ளே குறைவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதற்கே அரை லிட்டர் காற்று வந்து சேர்கிறது.

மூச்சுத் தசைகள் செயலிழந்தவருக்கோ அந்த 1 மில்லிமீட்டரும் எட்டாத தூரம். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார்கள். 2020-இல் பெருந்தொற்றின்போது நாம் மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடிய வென்டிலேட்டரும் அப்படித் தள்ளுகிற கருவிதான். துருத்தியாக இருந்த மார்பு அப்போது உலையாகிவிடுகிறது. உலை எவ்வளவு காற்றையும் தாங்கும், நுரையீரல் தாங்காது. அழுத்தம் மிஞ்சினால் புண்ணாகும். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியின் உடலளவுக்குக் கணக்கிட்டு, ஒவ்வொரு மூச்சையும் சிறிதாகவே செலுத்துகிறார்கள்.