அம்பாசிடரின் பின்னிருக்கையும் ஒரு வாரின் வரலாறும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர் குடியேறிய கதையை எழுதுவோர் வாழையிலை, காப்பித்தூள், மல்லிகைச் சரம், சங்கீத சபை ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுவர். அக்கதையில் மஞ்சள் டாக்சிக்கும் ஓர் இடம் உண்டு. ஹவுரா மெயிலில் வந்திறங்கிய குடும்பம் ஒன்று ராஷ்பிஹாரி அவென்யூவை நோக்கிப் புறப்படும் காட்சியை, அந்தத் தலைமுறையினர் எவரும் எளிதில் நினைவுகூர்வர். மேலே கேரியரில் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும். முன்னே சீக்கிய ஓட்டுநரோடு நெருக்கியடித்து இருவர். பின்னே பாட்டியும் பெண்களும். அவர்களுள் ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. அந்த வண்டியில் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது இக்கட்டுரை.

அவ்வண்டி தொலைவிலிருந்து வந்ததன்று. லேக் மார்க்கெட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உத்தரபாராவில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. 1942-இல் பிர்லா குடும்பம் தொடங்கிய அந்நிறுவனம், குஜராத்தின் ஓகா துறைமுகத்தை விட்டு 1948-இல் வங்கத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1957-இல் அங்கே அம்பாசிடர் உற்பத்தி தொடங்கியது. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்ததால் முன்னிருக்கை இடைவெளியற்ற ஒரே பெஞ்சாக அமைந்தது. மூவர் அமரலாம் என்பது அக்காலத்தில் அதன் பெருமை. விபத்தின்போது அம்மூவரையும் அவ்விடத்திலேயே இருத்துவதற்கு எதுவும் இல்லை என்பதை அன்று எவரும் குறையாகக் கருதவில்லை.

அம்பாசிடர் பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே, உலகின் மறுமுனையில் அக்குறைக்கு விடை கிடைத்துவிட்டது. 1959 ஆகஸ்டில் சுவீடனின் வால்வோ நிறுவனம், மூன்று முனைகளில் பொருத்தப்பட்ட சீட் பெல்ட்டுடன் தன் முதற்காரை விற்பனைக்கு அனுப்பியது. அதை வடிவமைத்தவர் நீல்ஸ் போலின். அதற்கு முன்பு அவர் சாப் விமான நிறுவனத்தில், ஆபத்து நேரும்போது விமானியை வெளியே வீசியெறியும் இருக்கைகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர். மனிதனை வெளியேற்றும் கலையில் தேர்ந்தவரே மனிதனை உள்ளே இருத்தும் கலையையும் கண்டார் என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று. வால்வோ காப்புரிமை பெற்றது. ஆயினும் பிற நிறுவனங்களும் அவ்வடிவத்தைத் தடையின்றிப் பயன்படுத்த வழிவிட்டது.

போலினின் வடிவம் ஏன் சிறந்தது என்பதை அறிய, அவருக்கு முந்தைய ஒரு காயத்தை அறிதல் வேண்டும். 1917-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பறக்கப் பயின்றுகொண்டிருந்த ஹியூ டிஹேவன் என்ற இளைஞரின் விமானம் நடுவானில் மற்றொன்றோடு மோதி விழுந்தது. அவர் பிழைத்தார், கல்லீரல், கணையம் உள்ளிட்ட உள்ளுறுப்புகள் சிதைந்திருந்தன. அவற்றைச் சிதைத்தது அவர் வயிற்றின் குறுக்கே கட்டியிருந்த பெல்ட்டின் பக்கிள்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பாதுகாக்க வேண்டிய பொருளே காயப்படுத்தியதை எண்ணி எண்ணி, பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆய்வு என்ற துறையையே அவர் கட்டியெழுப்பினார். விபத்து விதியின் செயல், அதில் ஆராய ஒன்றுமில்லை என்ற எண்ணம் நிலவிய காலம் அது. ரோஜர் கிரிஸ்வோல்டு என்பவரோடு சேர்ந்து டிஹேவன் 1950களில் மூன்றுமுனை வார் ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அதன் பக்கிள் உடலின் நடுப்பகுதியிலேயே விழுந்தது. போலின் அதை இடுப்பின் பக்கவாட்டுக்கு, இருக்கையின் அடிக்குக் கொண்டுபோனார். இவ்வளவுதான் மாற்றம். ஒரு கையால் இழுத்து ஒரு நொடியில் மாட்டும் எளிமையும் அதனோடு வந்தது.

சீட் பெல்ட்டை எப்படி அணிவது என்று இன்று சொல்லப்படும் ஒவ்வொரு விதியும் இந்த வரலாற்றிலிருந்து கிளைத்ததே. இடுப்பு வார் வயிற்றின் மேல் அன்று, அதற்குக் கீழே, இடுப்பெலும்பின் இரு மேடுகளின் மேல் படிய வேண்டும் என்பது டிஹேவனின் காயம் கற்பித்த பாடம். எலும்பு தாங்கும், குடல் தாங்காது. இரண்டு முனைகள் மட்டுமே கொண்ட இடுப்பு வார்களை அணிந்தோருக்கு நேர்ந்த குடற்காயங்களையும் முதுகெலும்பு முறிவுகளையும் கண்ட அமெரிக்க மருத்துவர்கள், 1962-இல் அவற்றுக்குத் தனிப்பெயரே சூட்டினர். கருவுற்ற பெண் சீட் பெல்ட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே இடுப்பு வாரும், இரு மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கமாக ஒதுங்கும் தோள் வாருமாக அணிந்தால் தாயோடு கருவும் காக்கப்படும்.

தோள் வார் காறை எலும்பின் நடுப்பகுதியைக் கடந்து மார்பின் குறுக்கே இறங்க வேண்டும். கழுத்தில் உராய்கிறது என்று அதை அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்வது நம்மவர் பலரிடமும் காணப்படும் வழக்கம். அவ்வாறு செய்தால் மோதலின் முழு விசையும் விலா எலும்புகளில் இறங்கும். அவற்றுக்கு உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. இருக்கையை நன்றாகச் சாய்த்துப் படுத்தபடி பயணம் செய்வோருக்கு வேறோர் ஆபத்து உண்டு. மோதலில் உடல் வாருக்கு அடியில் வழுக்கிச் செல்ல, இடுப்பில் இருந்த வார் வயிற்றுக்கு ஏறிவிடும். வாரில் முறுக்கோ தளர்வோ இருத்தல் கூடாது. தடித்த சால்வை போர்த்தியிருந்தால் அதை விலக்கிவிட்டு அணிவதே முறை. கொல்கத்தாவின் மார்கழிக் குளிரில் குரங்குக் குல்லாயும் சால்வையுமாக வண்டியேறும் முதியவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

மடியில் இருந்த குழந்தையின் கணக்கு எளியது, கொடியதும்கூட. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தூக்குவதற்கு ஒப்பான விசை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அவ்வலிமை இல்லை. தாயும் குழந்தையும் ஒரே வாரைச் சுற்றிக்கொள்வது இன்னும் மோசமானது. அப்போது தாயின் எடையே குழந்தையை வாரோடு சேர்த்து நசுக்கும். குழந்தைக்குத் தனி இருக்கை என்பது செல்வர் வீட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடம் மாற நாளாகும் போலும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 டிசம்பரில் சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் முன்னிருக்கைக்கு 1983-இலும், பின்னிருக்கையில் அமரும் பெரியோருக்கு 1991-இலும் சட்டம் வந்தது. இந்தியாவின் பாதை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்துக்கு 129-ஆம் பிரிவையே ஒதுக்கியது. சீட் பெல்ட்டுக்கு அதில் அப்படித் தனிப்பிரிவு இல்லை. 1989-இல் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குள்தான் அது நுழைந்தது. உற்பத்தியாளர்கள் முன்னிருக்கைகளுக்குச் சீட் பெல்ட் பொருத்தியே தீரவேண்டும் என்ற கடமை 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. பின்னிருக்கைக்கான கடமை அதற்கும் பிற்பட்டது.

அவ்விதிகளில் 138-ஆவது விதியின் மூன்றாம் உட்பிரிவு ஊன்றிப் படிக்கத்தக்கது. சீட் பெல்ட் பொருத்தப்பட்டுள்ள வண்டியில், ஓட்டுநரும் முன்னிருக்கைப் பயணியும் முன்னோக்கிய பின்னிருக்கைகளில் இருப்போரும் வண்டி ஓடும்போது அதை அணிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னிருக்கையும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது ஒரு செய்தி. பொருத்தப்பட்டுள்ள வண்டி என்ற நிபந்தனை இரண்டாம் செய்தி. திருத்தத்துக்கு முன் உத்தரபாராவிலிருந்து வெளிவந்து, பல்லாண்டுகள் கொல்கத்தாவின் தெருக்களில் ஓடிய ஆயிரக்கணக்கான டாக்சிகள் அந்நிபந்தனையால் விதிக்கு வெளியே நின்றன. அவற்றில் ஏறியவர் சட்டத்தை மீறவில்லை, காப்பும் பெறவில்லை. பழைய வண்டிகள் தேய்ந்து மறையும்வரை காத்திருப்பதையே சட்டம் தன் வழியாகக் கொண்டது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளை விலக்க வேண்டும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-இல் ஆணையிட்டது புகையை முன்னிட்டே. சீட் பெல்ட் இல்லாத ஒரு தலைமுறை வண்டிகள் அந்த ஆணையால்தான் தெருவை விட்டு அகன்றன. காற்றுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு, எவரும் எண்ணாமலே உயிர்க்காப்புக்கும் பணிசெய்தது. அம்பாசிடர் உற்பத்தியே 2014 மே மாதம் நின்றுபோனது.

சீட் பெல்ட்டுக்கென்று சட்டத்தில் தனிப்பிரிவு, 194பி, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதுவரை ரூ.100 ஆக இருந்த அபராதம் ரூ.1,000 ஆயிற்று. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான காப்பு அமைப்போ இன்றி ஏற்றிச் செல்வதற்கும் அதே தொகை. மேற்கு வங்க அரசு உயர்ந்த அபராதங்களை முதலில் ஏற்கவில்லை; 2022-இல்தான் அங்கே தொகைகள் உயர்ந்தன.

அவ்வாண்டிலேயே, செப்டம்பர் 4 அன்று, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் மோதியது. டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அதன் பின்னிருக்கையில் இருந்தார். பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தனர். இறந்த இருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அந்த வண்டியில் எந்தக் காப்புக்கும் குறைவில்லை. பின்னிருக்கை பத்திரமானது என்ற பழைய நம்பிக்கையே அங்கேயும் உடன் பயணித்திருக்கிறது. அணியாத பின்பயணி தனக்கு மட்டும் ஆபத்தானவர் அல்லர். மோதலில் அவருடைய உடலே எறிபொருளாகி முன்னே இருப்பவரின் முதுகில் வந்து விழுகிறது. 2022-இல் மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 16,715 பேர் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களுள் 8,331 பேர் ஓட்டுநர் அல்லர், பயணிகள்.

2019 ஜூலை முதல் புதிய கார்களில் முன்னிருக்கைச் சீட் பெல்ட்டுக்கு எச்சரிக்கை ஒலி கட்டாயமானது. அவ்வொலியை அடக்குவதற்கென்றே, வார் இல்லாத வெறும் பக்கிள் நாக்கு சந்தைக்கு வந்தது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு ஆணையிட்டு, அப்பொருளுக்கான 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கச் செய்தது. டிஹேவன் தன் காயத்திலிருந்து தொடங்கிச் சிந்தித்த பக்கிளை, வாரிலிருந்து பிரித்துத் தனியே விற்றிருக்கிறார்கள்.

லேக் மார்க்கெட்டின் பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று லேக் மால் நிற்கிறது. அதன் வாசலில் காய்கறிப் பையோடு நிற்போர் கைபேசியில் அழைக்கும் வாடகைக் கார்கள் எல்லாவற்றிலும் பின்னிருக்கைக்குச் சீட் பெல்ட் உண்டு. அதை மாட்டும் கொக்கிதான் பல வண்டிகளில் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. உறையின் விளிம்பைத் தூக்கி விரலால் துழாவினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால், வண்டி கிளம்புமுன் ஓட்டுநரிடம் எடுத்துத் தரச் சொல்லலாம்.