தோட்டப்பள்ளிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பேச முற்படுவோர் கட்டடங்களைப் பேசுவர்; ஆசிரியர் பற்றாக்குறையைப் பேசுவர்; மொழிப்பாடத்தைப் பேசுவர். அப்பள்ளிகளில் பிள்ளைகள் கணக்கை எவ்வாறு கற்றனர், அக்கணக்கு அவர்கள்தம் வீட்டில் எவ்வாறு புழங்கியது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அதைப்பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

முதலில் தாயகத்துத் திண்ணைப்பள்ளியைப் பார்ப்போம். மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, மனத்தில் இருத்தும் முறை அங்கு இருந்தது. எண்சுவடி என்பது பிள்ளைகளின் முதற் கணக்கு நூல். முழு எண்களோடு கீழ்வாய் எண்களையும் அது கற்பித்தது: கால், அரைக்கால், வீசம் (பதினாறில் ஒன்று), மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), முந்திரி (முந்நூற்றிருபதில் ஒன்று). இவ்வளவு நுண்ணிய பின்னங்களைச் சிறுவன் ஏன் நெட்டுருப் போட வேண்டும் என்று இன்று வியக்கிறோம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் ஊரில் அவையே வேண்டியிருந்தன. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று திண்ணையில் ஒப்புவித்த பிள்ளை, வீட்டுக் களத்தில் அதே அளவைக் கண்ணால் கண்டது. இப்பள்ளிகளில் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைச் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கவனித்து, அதைப்பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது. நம்மவர் பலர் அறியாத செய்தி இது.

மலாயாவுக்கு வந்த பின்னர்தான் பள்ளிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் பிரிந்தன.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டமோ, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டத்தை நிறைவேற்றப் பல தோட்டங்களில் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியரும் போதுமானதாகக் கருதப்பட்டன. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்றதும் உண்டு. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. அந்நூல்களின் கணக்கு ரூபாய்க் கணக்கு: 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். தோட்டத்தில் கையில் கிடைத்ததோ வெள்ளி. வெள்ளிக்கு 100 காசு. கடையில் எடை காத்தி, தகில். 16 தகில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். அரிசியைக் கந்தாங்கில் அளந்தனர். சுங்கை சிப்புட்டுத் தோட்டத்துப் பிள்ளை அணாவைப் பெருக்கக் கற்றுக்கொண்டு, கடையில் காத்தியையும் காசையும் எண்ணிற்று. பாடநூல் எழுதியவரைக் குறைகூற இயலாது. அவர் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு எழுதினார்.

வீட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. விடியுமுன் பிரட்டில் தலை எண்ணப்படும். அப்பாவின் நிரையில் எத்தனை மரம், எத்தனை மங்கு நிறைந்தது, ஒட்டுப்பால் எவ்வளவு என்பதெல்லாம் பிள்ளைகளின் காதில் விழும் எண்களே. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுக்கப்பட்டது. 1930இல் விலைவீழ்ச்சி வந்ததும் அதுவும் குறைந்தது. பிற்காலத்தில் நாட்கூலியோடு எடைக்கேற்ற கொடுப்பனவு சேர்ந்தபோது கணக்கு இன்னும் கடினமாயிற்று. நிறுவையில் தெரிவது ஈரப்பாலின் எடை. அதில் உலர்ந்த இரப்பர் ஏறத்தாழ நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே. அப்பங்கை மெட்ரோலேக் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு கண்டறிந்து கிராணி ஏட்டில் எழுதுவார். நூற்றுவீதம் அறியாதவர் அந்த ஏட்டைச் சரிபார்க்க வழியில்லை, எழுதியதே கூலி. தோட்டப்பள்ளி கொடுக்க வேண்டியிருந்த கணக்கு இதுதான். அணாவைக் கொடுத்தது. பள்ளி நடந்ததே பெரிது என்பாரும் உளர். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

விடுதலைக்குப் பின்னர் நிலை மாறியது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் ஒட்டித் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. பாடநூலில் மலாயாவின் வெள்ளியும் காசும் இடம்பெற்றன. 1972ஆம் ஆண்டு நிறுவை அளவைச் சட்டத்துக்குப் பின் காத்தி விலகி, கிலோகிராம் வந்தது. 1983இல் நாடு முழுவதும் தொடங்கிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் அடிப்படையாக வைத்தது. தோட்டப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்த தாய், தன் பிள்ளைக்கு வாய்பாடு கேட்கும் நிலை இக்காலத்தில்தான் உருவாயிற்று. அத்தாய் கற்றதும் பிள்ளை கற்பதும் ஒரே சொற்களில் இருந்தன.

அது நீடிக்கவில்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அதற்குள் பல தோட்டங்கள் செம்பனைக்கோ வீட்டுமனைக்கோ மாறியிருந்தன. குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களுக்குப் பெயர்ந்திருந்தன. 2003 முதல் 2010 வரை முதலாம் ஆண்டில் சேர்ந்த எட்டு அணிப் பிள்ளைகள், தம் தாயாருக்கு விளங்காத சொற்களில் கூட்டலைத் தொடங்கினர். கணக்கு தெரிந்த தாயார், கணக்கு தெரியாதவராய் ஆக்கப்பட்டார்.

இங்கே எண்ணுப்பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் 'இலெவன்', 'டுவெல்வ்' பத்தை மறைத்துவிடுகின்றன. எண்ணுப்பெயர் ஒழுங்காய் அமைந்த சீன, சப்பானிய, கொரிய மொழிப் பிள்ளைகள் பத்துகளையும் ஒன்றுகளையும் எளிதாகப் பிரித்துக் காட்டினர் என்று ஐரீன் மியூரா முதலானோர் 1980களில் கண்டனர். தமிழிலும் ஓர் இடறல் உண்டு. தொண்ணூறு என்னும் சொல்லில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்னும் பழம்பெயர் தொல்காப்பியத்திலேயே உள்ளது. எண்பத்தொன்பதைத் தாண்டியதும் சிறுவர் தயங்குவதை எந்த ஆசிரியரும் கண்டிருப்பர்.

2009 சூலையில் அக்கொள்கை கைவிடப்படும் என அமைச்சரவை அறிவித்தது. 2011இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தபோது கணிதம் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டதும் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. பள்ளியில் மொழி திரும்பினாலும் வீட்டில் அது முழுமையாகத் திரும்பவில்லை. விலையையும் தொலைபேசி எண்ணையும் பெற்றோர் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்கின்றனர். வகுப்பில் "எழுபத்தாறு" என்றால், பிள்ளை உதட்டுக்குள் வேறொரு மொழியில் சொல்லிப் பார்த்த பிறகே எழுதுகிறது.

ஆகவே பெற்றோர் சந்திப்பில் பயிற்சி நூல் எது வாங்கலாம் என்று கேட்போரிடம், இரவுச் சந்தைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள் என்கிறேன். கீரைக்கட்டு மூன்று வெள்ளி எழுபது காசு. ஐந்து வெள்ளித் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மீதி எவ்வளவு வரும் என்று தமிழில் கேளுங்கள். விடையைக் கடைக்காரர் சில்லறை தருமுன் அது சொல்லட்டும்.