எலும்பின் வயதும் இரும்புத்தூளும்: மாத்தளை, மன்னார் காபன் சோதனைகளை எப்படி வாசிப்பது?

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயுத் தொகுதி ஒன்றை அமைக்க நிலம் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்த அகழ்வில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1986-1990 காலத்துக்குரியவை எனத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அறிக்கையிட்டார். ஜே.வி.பி. கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலம் அது. பின்னர் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் சோதனை, எலும்புகள் 1950க்கு முந்தியவை என்றது.

மன்னாரிலும் இதுவே நடந்தது. 2018இல் சதொச வளவில் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவற்றை 1404-1635 காலத்துக்குரியவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு அது இன்னொரு கதவடைப்பாக இருந்தது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்துள்ள நிலையில், இந்தச் சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

எலும்பிலிருந்து காரீயம் வரை

உயிருள்ள உடல் உணவின் வழியே காபனைப் பெறுகிறது. அதில் மிகச் சிறிய பங்கு, ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடியில் ஒன்று, காபன்-14 என்ற கதிரியக்கச் சமதானி. இறந்த பின் அது புதிதாகச் சேர்வதில்லை. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மிஞ்சியிருப்பதை எண்ணினால் காலம் தெரியும்.

ஆய்வுகூடத்தில் முதலில் எலும்பிலிருந்து கொலாஜன் என்ற புரதம் பிரிக்கப்படுகிறது. அதை எரித்தால் காபனீரொட்சைட்டு வாயு கிடைக்கும். ஆனால் காபன்-14 அணுக்களை எண்ணும் ஆர்முடுக்கி இயந்திரங்கள் பெரும்பாலும் திண்மக் காபனையே கேட்கின்றன. எனவே ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் காபன் கொண்ட அந்த வாயுவைக் காரீயமாக மாற்ற வேண்டும்.

இங்கேதான் தாண்டல் உலோகங்கள் வருகின்றன. காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பறிக்க ஐதரசன் வேண்டும். ஆனால் ஐதரசன் மூலக்கூறின் இரு அணுக்களும் மூலுக்கு 436 கிலோயூல் என்ற வலுவான பிணைப்பால் கட்டுண்டவை. இரும்பு அல்லது கோபால்ட் தூளின் மேற்பரப்பில் அந்தப் பிணைப்பு உடைகிறது. ஒவ்வோர் ஐதரசன் அணுவும் உலோகத்துடன் தனித்தனியே ஒட்டிக்கொள்கிறது. இந்த உலோக-ஐதரசன் பிணைப்பையே வேதியியல் ஐதரைட்டு என்கிறது. 550 முதல் 650 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் அந்த ஐதரசன் ஒட்சிசனை எடுத்து நீராகிறது. காபன் உலோகத்தூளின் மீது கறுப்பாகப் படிகிறது.

ஐதரைட்டுச் சிக்கற்சேர்வைகளின் வரலாறு பழையது. 1931இல் ஜேர்மனியின் வால்ட்டர் ஹீபர் இரும்புக் காபனைல் ஐதரைட்டை ஆக்கினார். 1984இல் அமெரிக்காவின் கிரெகரி குபாஸ், ஐதரசன் மூலக்கூறு உடையாமலேயே தங்குதன் உலோகத்துடன் பிணைந்திருக்கும் சேர்வையை அறிவித்தார். உடைவதற்கு முந்திய படி அப்போதுதான் தெளிவானது. அதே 1984இல்தான் இரும்பு, கோபால்ட் தூளில் காரீயம் ஆக்கும் முறையை வோகெல் குழுவினர் காபன் சோதனைக்கென வெளியிட்டனர்.

இந்தத் தாக்கம் அரைகுறையாக நின்றால் காபன் சமதானிகளின் விகிதம் சற்றே மாறும். காபன்-13 அளவைக் கொண்டு அது திருத்தப்படுகிறது. வயது தெரிந்த நியம மாதிரிகளும் கூடவே சோதிக்கப்படுகின்றன. ஆகவே பிழையை முதலில் இங்கே தேடுவதில் பயனில்லை.

அணுகுண்டு விட்ட அடையாளம்

'1950க்கு முன்' என்பது ஏன்? காபன் கணக்கில் 1950தான் தொடக்க ஆண்டு. அதன்பின் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் 1963 அளவில் வட அரைக்கோளக் காற்றில் காபன்-14ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அந்தக் காலத்திலும் அதன்பின்னும் வளர்ந்த எல்லோருடைய எலும்பிலும் பல்லிலும் அந்த மிகை பதிந்திருக்கிறது.

1969இல் பிறந்து 1989இல் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் எலும்பில் 1950 மட்டத்தைவிடத் தெளிவாக அதிகமான காபன்-14 இருக்கும். முதியவர்களின் எலும்பு மெதுவாகவே புதுப்பிக்கப்படுவதால் அவர்களில் அந்த மிகை குறைவு. இளைஞரின் எலும்பைப் பழையதாகக் காட்ட, அதில் கால்வாசி அளவுக்குக் கதிரியக்கமற்ற பழைய காபன் கலக்க வேண்டும். நல்ல ஆய்வுகூடம் அதைக் கண்டுபிடித்துவிடும். கடலுணவு அதிகம் உண்பவர்களின் எலும்பு ஓரளவு பழையதாகத் தோன்றும் என்பதும் கரையோர மன்னாருக்குப் பொருந்தும்.

அதாவது, முறையாக எடுக்கப்பட்ட இளையோரின் எலும்பில் இந்தச் சோதனை 1980களை 1940களுடன் குழப்பாது. ஆனால் அது பேசுவது தனக்கு அனுப்பப்பட்ட எலும்பைப் பற்றி மட்டுமே. ஆறு மாதிரிகளின் வயது ஆறு பேரின் வயது. ஒரே வளவில் வெவ்வேறு காலத்து உடல்கள் இருக்கக்கூடும். 1650-1950 இடைவெளியில் காலத்தைத் துல்லியமாகக் குறுக்கவும் இச்சோதனையால் முடியாது. எப்படி இறந்தார்கள் என்பதையும் அது சொல்லாது.

கேட்க வேண்டியவை

அறிக்கை ஒன்று வரும்போது உறவுகளும் சட்டத்தரணிகளும் கேட்க வேண்டியவை இவை: எத்தனை எலும்புக்கூடுகளில் எத்தனை சோதிக்கப்பட்டன? அவை எந்தப் படையிலிருந்து, யாரால் தெரிவுசெய்யப்பட்டன? குழியிலிருந்து ஆய்வுகூடம் வரை யார் யார் கைகளில் இருந்தன? கொலாஜனில் காபன்-நைதரசன் அணு விகிதம் ஏற்கத்தக்க 2.9-3.6 எல்லைக்குள் இருந்ததா? காபன்-14 அளவு 1950 மட்டத்துக்கு மேலா, கீழா? இளவயதில் உருவாகும் பல் மிளிரியும் சோதிக்கப்பட்டதா? இன்னொரு ஆய்வுகூடத்துக்கு இணை மாதிரி அனுப்பப்பட்டதா?

இரும்புத்தூள் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அதனிடம் எந்த எலும்பு போய்ச் சேர்கிறது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். மாத்தளையில் பிள்ளைகளைத் தேடும் சிங்களத் தாய்மாரும் வடக்குக் கிழக்கில் தேடும் தமிழ்த் தாய்மாரும் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.